சுருதி இறங்கும் அறை

ஆகஸ்ட் 4, காலை 9.10. நிலவின் மறுபக்கம், ஒலிக் காப்பகம்

காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. ஆக்சிஜன் சரி. கரியமில வாயு உணரியில் பச்சை விளக்கு.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். என் பெயர் தாணுமாலயன். நாகர்கோவிலில் பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்தி ஓய்வுபெற்றவன். இங்கே காவலும் நான்தான், பெருக்கித் துடைப்பதும் நான்தான். பூமியில் அழிந்துவிடக் கூடாது என்று நினைத்த ஒலிப்பதிவுகளைக் கண்ணாடித் தகடுகளில் பொறித்து இந்தப் பாறைக்குள் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு தகட்டை ஒலிக்கவிட்டு, அறையில் அது கேட்கும் விதத்தை தகடு இங்கே வந்த முதல்நாள் கேட்டதோடு இயந்திரம் ஒப்பிடும். தகடு கெட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இந்த வாரம் ஹெப்சிபா தவமணியின் நான்காவது நால்வர் இசை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ. அம்மையார் பாளையங்கோட்டைக்காரர், இன்னமும் எழுதிக்கொண்டிருப்பவர். அவருடைய மற்ற மூன்றையும் எந்தக் கூடத்திலும் வாசிக்கலாம். இதை மட்டும் இந்த அறையின் நீள அகலங்களைக் கேட்டு வாங்கி, இதற்கென்றே எழுதினார். இரண்டாம் பகுதியில் செலோ மிக மெதுவாகக் கீழே வழுக்கிக்கொண்டே வரும். ஓரிடத்தில் அறையும் கூடச் சேர்ந்து பாடும். வெறும் குடத்தின் வாயில் முகத்தை வைத்து ராகம் இழுத்துப் பாருங்கள். ஒரு சுரம் வந்ததும் குடம் கும்மென்று பதில் சொல்லும் இல்லையா? அதேதான். அறை பாடுகிற அந்த நொடியில் வயோலா உள்ளே வர வேண்டும்.

இன்று வயோலா முதலில் வந்துவிட்டது. அறை சற்றுப் பிந்திப் பாடியது.

ஆகஸ்ட் 5, காலை 10.30

தகட்டைத் துடைத்தேன். ஒலிபெருக்கியின் திருகுகளை இறுக்கினேன். மறுபடி ஒலிக்கவிட்டேன். அறை நேற்றைவிட இன்னும் பிந்தியது. ஒப்பீட்டு விளக்கு சிவப்பு.

நிலவிலேயே, வண்டியில் ஏறக்குறைய ஒருநாள் தொலைவில் இருக்கிறது கீழ்நிலையம்; இங்கே ஒலிப்பது அங்கேயும் கேட்கும். அங்கே பணியில் இருப்பவள் நிலோஃபர், காயல்பட்டினத்துப் பெண். அவளிடமிருந்து வந்தது:

"சார், இன்னும் அந்த அழுவாச்சி வயலின்தானா? போன வாரம் நாதஸ்வரத் தகடு போட்டீங்க, இங்க எல்லாரும் ஜாலியா இருந்தோம். செவப்பு லைட்டோட அறிக்கை அனுப்புனா மேல இருக்கவங்க என்னைத்தான் வறுப்பாங்க. ஏதாச்சும் பண்ணி பச்சையாக்குங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் உட்கார முடியவில்லை. காரணமில்லாமல் அறையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஆகஸ்ட் 6, பகல் 11.45

வழி கிடைத்தது. பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்வார்? சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கொள்வார். கச்சேரி நடக்கும், கேட்பவர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நாம் சுருதியை நகர்த்திப் பழகியவர்கள். தகட்டின் சுருதியை ஒரு மயிரிழை இறக்கி வைத்தேன். செலோ சீக்கிரமே அந்தச் சுரத்துக்கு வந்தது, அறை பாடியது, வயோலா சரியான நொடியில் நுழைந்தது. விளக்கு பச்சை.

நிலோஃபர்: "சார்னா சார்தான்!"

கொஞ்சம் தலைவலி. காலையிலிருந்து நெஞ்சு படபடவென்று இருக்கிறது. இந்த இசையே அப்படித்தான், ஓரிடத்தில் நிற்க விடாது.

ஆகஸ்ட் 7, காலை 8.20

மறுபடி சிவப்பு. மறுபடி இறக்கினேன். பச்சை. சாப்பிட்ட பிறகு மறுபடி சிவப்பு.

தூக்கமில்லை. தகட்டை எடுத்துச் சுவரில் எறிந்தால் என்ன என்று தோன்றியது. முப்பது வருடம் பிள்ளைகள்மேல் சாக்பீஸ்கூட எறியாதவன் நான். பயந்துபோய், அறையின் பதிவை அப்படியே ஹெப்சிபா அம்மையாருக்கு அனுப்பச் சொன்னேன். சுருதியை இறக்கியதையும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, மாலை 4.05

அம்மையாரின் பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"வாத்தியாரே, யாரு உம்மள என் சுருதிய எறக்கச் சொன்னா? பச்ச வெளக்கு எரியணும்னு பாட்டோட கழுத்த நெரிப்பீரோ? நல்லாக் கேட்டுட்டேன் வே. நாலு பேரும் எழுதுனத எழுதுனபடிதான் வாசிக்காங்க. எறங்குறது பாட்டு இல்ல, உம்ம அறை. அறை எதுக்கு எறங்குது? நீருதான பௌதிகம் படிச்சவரு!"

அந்த ஒரு கேள்வியில் பரீட்சையில் தோற்ற மாணவனாய் நின்றேன்.

அறை பெரிதானால் அதன் சுரம் இறங்கும். ஆனால் பாறை வளராது. குளிர்ந்தாலும் இறங்கும், வெப்பமோ மாறவில்லை. மிச்சம் ஒன்றுதான். உள்ளே இருக்கும் காற்று கனத்திருக்கிறது. கனத்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். இங்கே காற்றைக் கனக்க வைப்பது நான் வெளிவிடும் மூச்சைத் தவிர வேறென்ன?

மழைக்காலத்தில் சன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் கடைசிப் பாடவேளையை நடத்தியிருக்கிறீர்களா? பிள்ளைகள் நெளிவார்கள், தலைவலி என்பார்கள், பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவார்கள். பாடம் பிடிக்கவில்லை என்று நினைப்போம். காற்று கெட்டிருக்கும்.

நான்கு நாளாக நெளிந்துகொண்டிருக்கிறேன். இசையின்மேல் பழி போட்டேன்.

ஆகஸ்ட் 7, மாலை 5.30

காற்று வடிகட்டியைத் திறந்தேன். கரியமில வாயுவை உறிஞ்சும் மருந்து, ஈரம் பட்ட கல்லுப்பு மாதிரி கட்டிதட்டிக் கிடக்கிறது. காற்று உள்ளே போகவே இல்லை. உணரி அதற்குப் பின்னால் இருக்கிறது. அங்கே தேங்கிய பழைய நல்ல காற்றை அளந்து இத்தனை நாளும் பச்சை காட்டியிருக்கிறது. மாற்று டப்பாக்களும் கட்டிதான். அறைக் காற்றை வெளியே விட்டுப் புதிதாக நிரப்பக் கையிருப்பு கிடையாது.

நிலோஃபருக்குச் சொன்னேன். உடனே பதில் வந்தது: "வண்டி கெளம்பிருச்சு சார். நாளை மத்தியானத்துக்குள்ள வந்துரும். விண்ணுடைல எவ்வளவு காத்து இருக்கு?"

உடையில் இருக்கும் காற்று நாளை மத்தியானம்வரை போதாது. அதனால் முடிந்தமட்டும் அறைக் காற்றில் இருந்துவிட்டுக் கடைசியில்தான் உடைக்குள் போக வேண்டும். முன்னதாகப் போட்டால் வண்டி வருவதற்குள் காற்று தீரும். பிந்தினால் போட வேண்டும் என்கிற அறிவே இருக்காது.

அதற்கும் அம்மையார் ஒரு வழி சொன்னார். தகடு அதன் சொந்தச் சுருதியில் திரும்பத் திரும்ப ஓடட்டும், அறையின் ஒலிவாங்கி அவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். "அறை பாடுற எடம் நழுவிக்கிட்டே போகும் வே. ரெண்டாவது வயலின் நுழையுற எடத்துக்கு வந்துட்டுன்னா நாங்க கத்துவோம். உடனே சட்டையப் போட்டுரணும். அப்ப எங்கிட்ட இலக்கணம் பேசக்கூடாது."

உடைக்குள் போனபின் என் மூச்சு அறையில் கலக்காது. சுருதி இறங்குவது நின்றுவிடும். அதுதான் அவர்களுக்கு அடையாளம். உடையின் வானொலி இந்தப் பாறையைத் தாண்டாது.

ஆகஸ்ட் 8, காலை 7.00

மூச்சு வாங்குகிறது. எழுத்து கோணுகிறது. செலோ வழுக்குகிறது. எத்தனையாவது முறை என்று தெரியவில்லை. அழகாகத்தான் இருக்கிறது. முதலில் அப்படித் தோன்றவில்லை.

எழுதி வைக்கிறேன், மறந்துவிடுவேன்: சுருதி இறங்குவது நின்றால் நல்லது. இறங்கினால் நான் உடைக்கு வெளியே இருக்கிறேன்.

இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு காரணத்துக்காக நிற்கலாம். உடைக்குள் போனாலும் என் மூச்சு அறையில் கலக்காது, மூச்சே நின்றாலும் கலக்காது. நிலோஃபரிடம் சொல்லவில்லை. அம்மையாருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, காலை 8.40

உடை எதிரே தொங்குகிறது. யாரோ நிற்கிற மாதிரி. உட்காரப்பா என்றேன்.

கை உறை முதலிலா காலா

வயலின் வந்ததும். எந்த வயலின்

ஆகஸ்ட் 8, காலை 9.05 முதல். வந்த செய்திகள், தானியங்கிப் பதிவு

9.05. நிலோஃபர்: "சார், ரெண்டாவது வயலின் வந்தாச்சு. சட்டையப் போடுங்க. கேக்குதா? சட்டை!"

9.12. நிலோஃபர்: "இன்னும் எறங்குது சார். நீங்க இன்னும் போடல. எந்திரிங்க. எதிர்லதான் தொங்குது."

9.20. ஹெப்சிபா தவமணி: "வாத்தியாரே, எந்திரியும். ஒரு காலு. அப்புறம் மறு காலு. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீரும். எந்திரியும் வே."

9.31. நிலோஃபர்: "எறங்குது. இன்னும் எறங்குது."

9.44. நிலோஃபர்: "அம்மா, நின்னுருச்சு! அதே எடத்துல பாடுது. மூணு தடவ கேட்டுட்டேன், அதே எடம். போட்டுட்டாரு! சார் போட்டுட்டாரும்மா!"

9.45. நிலோஃபர்: "அம்மா? ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"