நான் படித்துச் சொன்ன ரிப்போர்ட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம்தான், உன்னைத்தான் இங்கே இரண்டு பேரும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது, ஆனாலும் படியேறாதே என்றால் கேட்கிற ஆளா அவள். சமையலறைக் குழாய் ஒழுகியதை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. போனில் சொல்ல நா எழவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய கிரேக்க வேர்ச்சொல் தாள்களை ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் படித்தேன். முப்பது வருஷமாக ஃபைல் மட்டும் அடுக்கியவனுக்கு, கார்டியா என்றால் இதயம், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம் என்று இங்கிலீஷ் மருத்துவச் சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. வார்டு ஆட்கள் கிரேக்க டாக்டர் என்று கூப்பிட்டார்கள், கேலி என்று தெரிந்தும் உள்ளூரக் குளிர்ந்துபோனேன்.

போன மாதம் மாடி வீட்டுத் தச்சர் ஏணியிலிருந்து விழுந்து தொடை வீங்கிவிட்டது. சனிக்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது, டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்று அவர் மனைவி அதை என்னிடம் கொண்டுவந்தாள். ஹீமடோமா என்றிருந்தது. ஹீமா இரத்தம், ஓமா கட்டி, இரண்டும் உன் தாளில் இருந்தன. யாரையும் கேட்காமல், இரத்தத்தில் கட்டி, புற்றுநோய் மாதிரித்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். வெளியூரில் விமானம் பழுதுபார்க்கும் பயிற்சியில் இருந்த அவர்கள் மகள் லீவுகூடச் சொல்லாமல் அடித்துப்பிடித்து ஓடிவந்தாள். திங்கட்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, அடிபட்ட இடத்தில் இரத்தம் கசிந்து உறைந்திருக்கிறது, தானாகக் கரைந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொல்லாமல் வந்ததற்காகப் பயிற்சி நிலையத்தில் அந்தப் பெண்ணின் பெயரை நீக்கிவிட்டார்கள்.

மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவிதான், "ரெண்டு நாளா அவரு மூச்சு விடுறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் அண்ணே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. உன் தாளில் தப்பில்லை அம்மா, ஒரு சொல்லைப் பிரிக்கத் தெரிந்ததை வைத்து ஒரு மனுஷனின் நோயைச் சொல்லத் துணிந்தவன் நான்தான்.

தகுந்த காரணம் காட்டினால் அடுத்த மாதக் கடைசிக்குள் அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்ப்பார்களாம். நடந்ததைப் பயிற்சி நிலையத்துக்கு நானே இங்கிலீஷில் ஒரு கடிதமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ரெக்கார்டு ரூம் ஆள் ரிப்போர்ட் படித்துச் சொல்லக் கூடாது என்பது விதி, ரிடையராக எட்டு மாதம் இருக்கும்போது இது தேவையா என்று அம்மா அழுகிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, எந்தக் குறையுமில்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும். அந்த இங்கிலீஷ் கடிதத்தில் பிழைகளைத் திருத்தி உடனே அனுப்பு. என்மேல் உள்ள பாசத்தில், யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் மாற்றிவிடாதே. என் பெயரும் வேலையும் நான் எழுதியபடியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா