பாதிமலை குறித்துக் கொடுத்த மாதம்

1961, ஐப்பசி 8
காலை மூட்டம். பத்து மணிக்கு மேல் வெயில். திரி மட்டும் காயப்போட்டோம், சரம் உள்ளேயே. மூன்று மணிக்கு வெடியுப்பு கையில் பிசுபிசுத்தது. மழை என்றேன், வந்தது. வானம் பார்த்து, காயப்போடும் மேடையில் சரக்கை விரிக்கவும் அள்ளவும் சொல்வதுதான் பட்டாசுக் கம்பெனியில் என் வேலை. அதில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

மலை விஷயத்தில்தான் மானம் போகிறது. இன்றும் ஒருத்தன், "பாதிமலை வாராரு, சரக்க அள்ளுங்கலே." எல்லாருக்கும் சிரிப்பு. போர்மேன் பெருமாளுக்கும். பேர் வைத்த புண்ணியவான் அவர்தானே.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு அவரோடு சதுரகிரி ஏறினேன். சங்கிலிப்பாறை ஓடையைத் தாண்டியதும் கால் பிசகியது. "இங்கனயே இரு, இறங்கும்போது கூட்டிட்டுப் போறேன்" என்றார். அப்படியே மலைக்கு அந்தப்புறம் வருசநாட்டுப் பக்கம் இறங்கிப் பஸ் ஏறிவிட்டார். பகல் முழுக்க அந்தப் பாறையில் நான். விறகெடுக்க வந்தவர்கள் தூக்கி இறக்கினார்கள். கம்பெனியில் அவர் சொன்ன கதை: பயந்துபோய்ப் பாதிமலையில் உட்கார்ந்துவிட்டான்.

மறக்க மாட்டேன்.

ஐப்பசி 13
தூறல். கடைசி லோடு. நிற்க நேரமில்லை. அதற்குள் பெருமாள் வந்தார். "ஏலே, தீவாளி முடிஞ்சா லீவு. நாங்க அஞ்சு பேரு மலைக்குப் போகணும். எந்த மாசம்லே தோது? வெயில் நோட்டு வச்சிருக்கியே, பாத்துச் சொல்லு."

நோட்டின் பின்பக்கம், மலைக்காரர்களிடம் கேட்டு எழுதி வைத்தது:
சித்திரை – சுனை வறண்டிருக்கும். காட்டுத்தீ.
ஆடி – கூட்டம். கம்பெனியிலும் சீசன்.
ஐப்பசி, கார்த்திகை – ஓடையில் திடீர் வெள்ளம். கூடவே கூடாது.
தை, மாசி – பனி. கணுக்கால் தண்ணீர். இதுதான் மாதம்.

அவருக்குக் காட்டியது முன்பக்கம். மேடை வெயில் கணக்கு. மூன்று வருஷமாகக் கார்த்திகையின் முதல் பத்து நாளும் பெரும்பாலும் நல்ல வெயில். பொய் ஒன்றும் இல்லை. மேடையில் வெயில் அடித்தால் மலையிலும் அடிக்கும் என்று நினைப்பது பட்டாசுக்காரன் புத்தி. "பெறகென்ன, கார்த்திகைப் பௌர்ணமி" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் சாக வேண்டாம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பகல் மாட்டிக்கொண்டால் போதும். பட்டினி. நனைந்த வேட்டி. இரண்டு பகல் என்றாலும் சந்தோஷம்.

ஐப்பசி 26
வெயில். தீபாவளி நல்லபடி முடிந்தது. வாங்க வேண்டியது: குடைக்குக் கம்பி, சாத்தூர் சேவு, வீட்டுக்காரி செல்லம்மாவுக்குத் தலைவலித் தைலம்.
மனசுக்குள் தினமும் பெருமாளை நனைக்கிறேன். பேர்கூட யோசித்து வைத்தாயிற்று. ஓடைப் பெருமாள்.

கார்த்திகை 4
பளிச்சென்று வெயில். மேற்கே மலை மேல் மட்டும் கறுப்பு. நல்ல சகுனம் என்று சோற்றுக்கு உட்கார்ந்தேன். குழம்பு ஊற்றிக்கொண்டே செல்லம்மா, "பெருமாள் அண்ணாச்சி கூட எந்தம்பியும் மலைக்குப் போறானாம்ல. பொண்டாட்டிக்கு அஞ்சு மாசம், வேண்டுதலாம்" என்றாள்.

அந்த ஐந்து பேரில் மைத்துனன் கருப்பசாமி ஒருவன் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

"என்ன, சோத்த அளைஞ்சுக்கிட்டே இருக்கீக?"
பசியில்லை என்றேன்.

கார்த்திகை 5
வெயில். திருத்தங்கல் டீக்கடையில் ஐந்து பேரையும் பிடித்தேன். நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தேன். தைக்குத் தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சினேன். பெருமாள் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பாதிமலைக்கு இங்கன இருந்தே பயம் வந்துருச்சுலே!" கருப்பசாமியும் சிரிக்கிறான். "அத்தான், நீங்க வீட்ல இருங்க."

நான் எதைச் சொன்னாலும் பயம் என்று ஆக்கி வைத்திருக்கிறான் பாவி. முதலிலேயே சொல்லாதது என் தப்பு. அது தெரிகிறது. ஆத்திரம் மட்டும் அவர் மேல்தான் வருகிறது.

பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று வடம் கேட்டு வாங்கினேன். நானும் போகிறேன்.

கார்த்திகை 8
உடம்பெல்லாம் வலி. நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

அடிவாரத்தில், தாணிப்பாறையில் வெயில் மண்டையைப் பிளந்தது. வடத்தைப் பார்த்து வழியெல்லாம் கேலி. சங்கிலிப்பாறையில் கணுக்கால் தண்ணீர்தான். மேலே இருட்டு. அவர்கள் ஓடையைத் தாண்டி ஏறினார்கள். நான் இக்கரையிலேயே மரத்தில் வடத்தைக் கட்டிவிட்டு நின்றேன். அரை மணியில் உச்சியில் மழை. ஓடிவந்தார்கள். தண்ணீர் செம்மண்ணாக ஏறுகிறது. வடத்தை வீசினேன். முதலில் கருப்பசாமி அதைப் பிடித்து இக்கரை வந்தான். பிறகு மூன்று பேர். பெருமாள் அக்கரையிலேயே வழுக்கி விழுந்தார். கால் பிசகிவிட்டது. அதே பாறை.

"விட்டுட்டுப் போயிராதலே!" அழுகிறார்.

"இங்கனயே இருங்க அண்ணாச்சி. இறங்கும்போது கூட்டிட்டுப் போறேன்" என்றேன். சொல்லும்போது இனித்தது.

தண்ணீர் இடுப்பளவுக்கு வடிய இரண்டு மணி நேரம். அரை மணி முன்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. கருப்பசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு போனேன். முதுகில் ஏற்றிக்கொண்டு, வடத்தைப் பிடித்துக்கொண்டு, நட்டநடு ஓடையில் நின்றேன்.

"அண்ணாச்சி, எம் பேரென்ன?"

"ஏலே, நடலே..."

"எம் பேரு?"

"வேலாயுதம். வேலாயுதம்லே!"

கரையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன்.