செல்வராஜ் அண்ணனின் லொறிக்குப் பச்சை

நவ. 10, செவ்வாய்
அப்புத்தளையில் விடிந்ததிலிருந்து மூடுபனி. துவைத்த துணி மூன்றாம் நாளும் காயவில்லை.

தேயிலைத் தோட்ட லொறி டிரைவர் செல்வராஜ் அண்ணனுக்கு ஞாயிறு பிரியாவிடை. ஆபீஸ் கிளார்க்குகள் சார்பில் பரிசு, அவருடைய லொறியின் மாடல். செய்வது நான். எல்லாம் முடிந்தது, பச்சை மட்டும் உயிரை வாங்குகிறது. தூரிகையால் பூசினால் கோடு கோடாக நிற்கிறது. ஏர்பிரஷ் வாங்கியே தீர வேண்டும்.

என் வீட்டுக்காரர்: "இத்தினூண்டு லொறிக்கு மருந்தடிக்கிற மெஷினா?" இவரிடம் கிரிக்கெட் மட்டை மூன்று இருக்கிறது.

11, புதன்
மொனராகலை கண்ணனுக்கு போன். கூடப் படித்தவன், பஸ் மாடல் செய்கிறவன். அவன் சொன்னது:
- ஏர்பிரஷ்: அமுக்கினால் காற்று, இழுத்தால் பெயின்ட் வருகிற வகை.
- கம்ப்ரஷர்: டாங்கி உள்ளது. இல்லாவிட்டால் காற்று விட்டு விட்டு வரும்.
- "காத்துல வர்ற தண்ணியப் பிடிக்கிற பில்டர் வேணாம் புள்ள, வீண் செலவு. நான் ஒருநாளும் போட்டதில்ல."

12, வியாழன்
அரை நாள் லீவு. பதுளை. கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) பொறுமையாக எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினார். கண்ணன் சொன்னபடியே வாங்கினேன்.

"அப்புத்தளைக்கா தங்கச்சி? அப்ப பில்டர் ஒண்ணு போட்டுக்கங்க."

"வேணாம் நானா." என் தலையில் கட்டப் பார்க்கிறார். ஏமாறுவேனா நான்?

கம்ப்ரஷரை மடியில் வைத்தே பஸ்ஸில் வந்தேன். கால் மரத்துவிட்டது. ஒரே சந்தோஷம்.

13, வெள்ளி
முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். பிறகு ஏர்பிரஷ் தண்ணீராகத் துப்பியது. கதவெல்லாம் கொப்புளம். அழுகை வந்தது, அழுதேன்.

கண்ணனுக்கு போன். "உள்ள இழுக்கிறது பனிக்காத்து, தண்ணி வராம என்ன வரும்? எங்க ஊர்ல காத்து காஞ்சு கெடக்கு புள்ள, அத மறந்தே போனேன்!" சிரிக்கிறான், தடியன்.

14, சனி
முதல் பஸ். நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு பில்டரை எடுத்துத் தந்தார். வந்து கதவைத் தேய்த்து மறுபடி அடித்தேன். வழவழவென்று பச்சை! பில்டர் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வீட்டுக்காரர் கூப்பிடாமலே வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

15, ஞாயிறு
தோட்ட மேனேஜர் துரையின் பேச்சு நீளம். அண்ணன் லொறியை இரண்டு கையாலும் வாங்கினார். கொப்புளம் வந்த அதே கதவைத் தடவினார். தலையாட்டினார். அப்பாடா. பின்பக்கம் திருப்பியதும் முகம் மாறியது. அசலில் உள்ளபடியே பின்பலகையில் 'ஆட்களை ஏற்றத் தடை' என்று எழுதியிருந்தேன்.

"ஏம்மா, இந்தத் தடைய நான் ஒருநாளாவது மதிச்சிருக்கேனா?"

மழை நாளில் அவர் ஏற்றிவந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "இல்ல!" துரை கூரையைப் பார்த்தார்.

அண்ணன் லொறியை என்னிடமே நீட்டினார். "அப்ப அழிச்சிடு."

லொறி மறுபடி என் மேசையில். பின்பலகைக்குப் பச்சை கலக்க வேண்டும்.