கிழங்கானின் ஒற்றை வால்

செவ்வாய்க்கிழமை. சாரல் விடவில்லை.

கிழங்கான் மீன்கள் வெளியில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வயிற்றைக் கீறிக் காற்றுப்பையைப் பார்த்தால்தான் இனம் தெரியும். இங்கே வருபவற்றில் பையின் பின்முனை இரண்டு வாலாகப் பிரியும்.

தென்காசி மார்க்கெட்டில் வாங்கி, பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்த, குற்றாலத்துக் கல்லூரிவரை சுமந்தது நான். கையுறை மாட்டிக்கொண்டு என் வகுப்பு ஷீபா ஒன்றைக் கீறினாள். ஒற்றை வால். வேறு இனம். பேராசிரியர் தன் ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரைச் சேர்ப்பாராம். டாக்டர் மகள் அல்லவா. வாழ்த்துச் சொன்னேன், சிரித்தும் வைத்தேன்.

மிச்சத்தை வீட்டில் ஒவ்வொன்றாகக் கீறினேன்.

"ஏட்டி, கொழம்புக்கு வச்ச மீன்ல என்னத்தத் தேடுத?" என்றாள் அம்மா.

"என் பேர."

எல்லாவற்றிலும் இரண்டு வால்தான். குழம்பு நன்றாக இருக்கிறது என்றார் அப்பா. நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.