மூன்றும் படிக்க வேண்டும் என்றேன்

02.06.2025, திங்கள்

உப்புக் கம்பெனியில் பெட்டிகள் ஓடும் பெல்ட்டைச் சுற்றி இன்று மூன்று பார்கோடு ஸ்கேனர்களை மாட்டினார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று. கிடங்கில் பெட்டி எப்படித் திரும்பியிருந்தாலும் படிக்க வசதியாக, ஒரே ஸ்டிக்கரை மூன்று பக்கங்களிலும் ஒட்டுகிறோம். மேலே இருப்பது தலைமை. மற்ற இரண்டும் தாம் படித்ததை அதற்குச் சொல்லும். பெட்டி போகலாமா, ஒதுக்க வேண்டுமா என்பதை அது முடிவு செய்யும்.

மேனேஜர் நாகேந்திரன் தூத்துக்குடி போயிருந்தார். ஆகவே மதுரையிலிருந்து வந்திருந்த மெக்கானிக் யோகேஸ்வரன் என்னைக் கேட்டார்.

"ஒண்ணு படிச்சாப் போதுமா சார், மூணும் படிக்கணுமா? ஒண்ணு போதும்னுதான் வைப்போம். ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பிடிக்கத்தானே கூட்டா வைக்கிறது?"

மூன்றும் படிக்க வேண்டும் என்றேன். ஸ்டிக்கரில் உள்ள தேதிக்குப் பொறுப்பு நான். பிறப்பு இறப்புப் பதிவில் முப்பத்தோராண்டு இருந்து ஓய்வு பெற்றவன். அவர் சிரித்துக்கொண்டே அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

என் மனைவி துர்காதேவி இறந்து இன்று நாற்பத்தெட்டாம் நாள். எதிர்வீட்டுத் தாஜுன்னிசா, "அம்மா போயி ஒன்றரை மாசம் ஆச்சுல்ல" என்றார். ஏப்ரல் 16 முதல் எண்ணிச் சரியான கணக்கைச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ மனைவியர் இறந்த தேதியை எழுதிய கை இது. இதுவும் ஒரு தேதியாகவே இருக்கிறது.

04.06.2025, புதன்

பெல்ட் இன்று 38 பெட்டிகளை ஒதுக்கித் தள்ளியது. ஸ்டிக்கர் ஒட்டும் ஜெயசுதாவை நாகேந்திரன் கூப்பிட்டுக் கத்தினார்.

"கோணக்கோண ஒட்டுனா மிஷின் எப்படிம்மா படிக்கும்?"

"எங்கன சார் கோணல்? மூணு வருசமா ஒட்டுறேன். அது வந்து மூணு நாளு முழுசா ஆகலை. நேத்து வந்த மருமக மாதிரி குத்தம் சொல்லுது, நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கிறீக!"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நாகேந்திரன் சிரிக்கவில்லை.

05.06.2025, வியாழன்

ஒதுக்கப்பட்டவை 41. ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒன்றிலும் கோணல் இல்லை.

06.06.2025, வெள்ளி

காரணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியும் ஒதுங்கிய நேரத்தைக் குறித்து வந்தேன். எல்லாமே மாலை 4.10க்கும் 4.55க்கும் இடையில். லாரிக்காக மேற்கு ஷட்டரைத் திறக்கும்போது வெயில் நேராக ஒரு ஸ்கேனரின் கண்ணில் விழுகிறது. அப்போது வரும் பெட்டிகளில் பாதியை அதனால் படிக்க முடிவதில்லை. மற்ற இரண்டும் படித்துவிடுகின்றன. ஆனால் மூன்றும் வேண்டும் என்றவன் நான்.

நாகேந்திரனிடம் சொல்ல அவர் அறை வரை போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். சற்று நின்றுவிட்டுத் திரும்பினேன். ஏன்? பயம் இல்லை. வெட்கம்கூட இல்லை. வாயைத் திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

07.06.2025, சனி

44.

பக்ரீத். தாஜுன்னிசா பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தார். சாப்பிட்டேன். ருசி எப்படி என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். தெரியவில்லை.

09.06.2025, திங்கள்

ஜெயசுதாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். போகும்போது என்னிடம் வந்தாள்.

"அய்யா, நீங்கதான அளந்து பாத்தீக. கோணல் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? இதை விட்டா எனக்கு இங்கன வேற எந்தக் கம்பெனி இருக்கு?"

டிபன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

10.06.2025, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

11.06.2025, புதன்

எழுத்து மூலம் கொடுத்தேன். நாள், நேரம், காரணம், 02.06.2025 அன்று நான் சொன்ன சொல், கீழே கையொப்பம். நாகேந்திரன் இரண்டு முறை படித்தார்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமையே தெரிஞ்சதுன்னு எழுதியிருக்கீக. அஞ்சு நாளா மடியிலயா கட்டி வச்சிருந்தீக?"

யோகேஸ்வரனுக்குப் போன் செய்தார். அவர் மதுரையில் இருந்தபடியே மாற்றிவிட்டார். இனி ஒன்று படித்தால் போதும். இன்று மாலை ஒதுக்கப்பட்டவை: இல்லை.

13.06.2025, வெள்ளி

ஜெயசுதாவை அழைத்து வர நாகேந்திரனும் நானும் அவள் ஊரான மாரியூருக்குப் போனோம். வாசலில் நான்கு வயதுப் பெண் குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தவறு என்னுடையது, வருந்துகிறேன் என்றேன்.

"நல்லா வருந்துங்க. நான் வரலை. திருப்பூர்ல அக்கா வேலைக்குச் சொல்லிவச்சுட்டா. ஞாயித்துக்கிழமை போறேன். இவளை எங்க ஆத்தாகிட்ட விட்டுட்டுப் போறேன்."

நாகேந்திரன் மறுபடியும் கேட்டுப் பார்த்தார். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"பக்கம் பக்கமா எழுதத் தெரியுது. வாயால சொல்லத் தெரியலையாக்கும்."

பஸ்ஸில் திரும்பினோம். சொல்லியிருக்கலாம்ல? அன்னைக்கே, அந்த ரூம் வாசல்லயே சொல்லியிருக்கலாம்ல? ஒரு நிமிசம். அந்தப் புள்ள — என்ன மனுசன் நான்?

16.06.2025, திங்கள்

வேறு ஆள் கிடைக்கும்வரை ஸ்டிக்கரை நானே ஒட்டுகிறேன் என்று நாகேந்திரனிடம் கேட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நாள் முழுதும் நின்றேன்.

ஒட்டியவை 610 பெட்டிகள். கண்ணுக்கே தெரியும்படி கோணலானவை 73. ஒதுக்கப்பட்டவை: இல்லை.