வியாழக்கிழமைக் கடலை

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

வேங்கிக்கால் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "ஏழாம் மாசத்துக்குக் குழந்தை எடை கம்மி. என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்சாதம் என்று பெருமையாக ஒப்பித்தேன். குருக்கள் வீட்டில் பிரசாதத்துக்கா பஞ்சம்? "எல்லாம் சோறுதானே! புரோட்டீன் எங்கே?" என்றார். முட்டை கிடையாது என்றதும் பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, பனீர், தயிர் என்று அடுக்கினார்.

வீட்டில் சொன்னதும் மாமியார் முகம் மாறியது. "பருப்பு, பனீர் சரி. கடலை, பயறெல்லாம் வாயு. போன தடவை பட்டது போறாதா?"

போன தடவை — கீழ்பென்னாத்தூர் தோழி நந்தினி கொடுத்தனுப்பிய வேர்க்கடலையை அவித்துத் தின்றேன். மறுநாள் கர்ப்பம் கலைந்தது. கடலையால் இல்லை என்று டாக்டர் அன்றே சொன்னார். மாமியார் நம்பவில்லை. கொஞ்ச நாள் நானும்தான்.

ஆகஸ்ட் 5

பருப்பைக் கெட்டியாக வைத்தேன். வயிறு முட்டப் பொங்கல் தின்றபின் அதற்கு இடம் எங்கே? பிரசாதத்தை வேண்டாம் என்றால் பாவமாம்.

எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: பயமா இருக்குடி சைலஜா. எனக்கு இந்தக் குழந்தை வேணும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கோயிலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் கையில் பொங்கல் தூக்கு இல்லை. தட்சிணாமூர்த்திக்குச் சாற்றிய கொண்டைக்கடலை மாலை! "குரு பிரசாதம். அவிச்சு இவளுக்குக் கொடும்மா" என்று மாமியாரிடம் நீட்டினார். மாமியார் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேறு வழி? இஞ்சியும் பெருங்காயமும் அள்ளிப் போட்டு அவித்துக் கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யார் கொண்டுவந்த மாலை?" என்று வீட்டுக்காரரிடம் தனியாகக் கேட்டேன்.

"நானேதான் கோத்தேன்." ஊசி குத்திய விரலைக் காட்டினார். பக்தர்கள் கொண்டுவரும் மாலையை வாங்கிச் சாற்றியே பழகிய கை. அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 8

ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததிலிருந்து மாமியார் நாலு தடவை கேட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றும் கடலை மாலை. மற்ற நாட்களில் தயிர், பனீர், கெட்டிப் பருப்பு. பொங்கல் ஒரு வாய்தான், மீதி பக்கத்து வீட்டுக்கு. வாரம் ஒருநாள் கடலை போதுமா? கேட்க வாய் வரவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

எடை ஏறியிருக்கிறது! இன்னும் ஏறணும், ஆனால் பயப்படாதீங்க என்றார் டாக்டரம்மா. மாமியாரும் கூட வந்திருந்தார். திரையில் குழந்தையைப் பார்த்தவர், ஆட்டோ வீட்டு வாசலில் நிற்கும்வரை ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 3, புதன்

மாமியார் கிண்ணத்தோடு வந்தார். கொண்டைக்கடலை.

"இன்னிக்குப் புதன்தானேம்மா?"

"தெரியும். நான்தான் ஊறவச்சேன்." கிண்ணத்தை என் கையில் வைத்தார். "அந்தக் குழந்தை உன்னால போகலடி. பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

இதைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன்! அழுதுகொண்டே சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வேணும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.