முத்திரை விழுந்தவன்

அன்புள்ள தம்பி இஸ்திரிக்கு,

உன் சீப்பு அண்ணன் ஆசியோடு எழுதுவது. நம் அறையில் தொழிலைப் பார்த்து வைத்த பெயர்களையே போட்டிருக்கிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "ஏதோ இருக்கேண்ணே" என்பாய். அதனால் கேட்கவில்லை. அறையில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். சமையல்காரர் இன்னும் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு, உங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போச்சு என்று உங்களையே திட்டுகிறாரா? அந்தத் திட்டுகூட இங்கே சில சமயம் ஞாபகத்துக்கு வருகிறது. உப்பு வரவில்லை, திட்டு மட்டும்தான்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. போனில் உன்னிடம் பேசி என்ன லாபம்? விஷயத்துக்கு வந்தால் போதும், "லைன் சரியில்லண்ணே, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். இதை நீ அப்படி வைக்க முடியாது. விடுமுறை முடிந்து திரும்பும் டிரைவர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் விசா உள்ள மனுஷன், எங்கே வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருவார்.

விஷயம் என்னவென்று உனக்கே தெரியும். விசா இல்லாமல் தங்கியிருக்கிறவர்களுக்கு அங்கே கொடுத்த பொது மன்னிப்பை இந்த மாதக் கடைசி வரைக்கும் நீட்டியிருக்கிறார்களாம். டிரைவர்தான் சொன்னார். அதற்குப் பிறகு நீட்டமாட்டார்களாம், தெருத் தெருவாகச் சோதனை போடப் போகிறார்களாம். இப்போது போனால் அபராதம் இல்லை, ஜெயில் இல்லை. பிடிபட்டால் இரண்டும் உண்டு. நீ வரப்போகிறாயா இல்லையா, அதுதான் கேள்வி. மற்றதெல்லாம் நடுவில் நான் அளக்கிற கதை. முடி வெட்டுகிறவன் வாய் சும்மா இருக்குமா?

முதலில் என் கதை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு சலூனில் இரண்டாவது நாற்காலி எனக்கு. முதல் நாற்காலி முதலாளியுடையது. நல்ல மனுஷன், ஆனால் ரேடியோவோடு சேர்ந்து பாடுவார், அது ஒன்றுதான் குறை. சேர்ந்த முதல் வாரமே கடைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். முழு உடுப்பு, தொப்பி, பெல்ட், எல்லாம். நேராக என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கழுத்தைப் பின்னால் சாய்த்தார். நான் பிரஷ்ஷை எடுத்தேன். சோப்பு அவர் காதில் போகிறது, மூக்கில் போகிறது. கண்ணை மூடிக்கொண்டே, என்னப்பா புதுசா, இதுக்கு முன்னாடி எங்கே இருந்தே என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? போலீஸ் பிடித்தால் சொல்ல நம் அறையில் உட்கார்ந்து ஆளுக்கு ஆள் மனப்பாடம் செய்தோமே, அது அப்படியே வாயில் வந்துவிட்டது. "முதலாளி வெளிய போயிருக்கார்ங்கய்யா, பாஸ்போர்ட் அவர்கிட்டதான் இருக்கு" என்றேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "பாஸ்போர்ட்டா? நான் ஷேவிங்குக்கு வந்தேன்ப்பா" என்றார். முதலாளி பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார் பார், கடையே அதிர்ந்தது. பெஞ்சில் காத்திருந்த பெரியவர் சிரித்த சிரிப்பில் பேப்பரைக் கீழே போட்டார். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் கத்தியை எடுத்து நிதானமாகச் சிரைத்தேன். பாதியிலேயே அவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். எந்த உடுப்பைப் பார்த்தால் சந்துக்குள் ஓடினோமோ, அந்த உடுப்பு என் கைக்குள் குறட்டை விடுகிறது! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? இப்போது அவர் வாரம் தவறாமல் வருகிறார். என்னை பாஸ்போர்ட் என்றுதான் கூப்பிடுகிறார்.

வீட்டிலும் இதே கூத்துதான். வந்த புதிதில் படுக்கும்போது தலைமாட்டில் செருப்பை வைத்துக்கொள்வேன், அங்கே மாதிரியே. உன் அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ள யாரைப் பார்த்து ஓடப்போறீங்க, என்னைப் பார்த்தா என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். செருப்பை வாசலில் விட்டேன். ஆனால் பேச்சு மட்டும் பழகவில்லை. நாம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று குசுகுசுவென்று பேசியே காலத்தை ஓட்டினோம் இல்லையா, இங்கே கடையில் நான் பேசினால் வாடிக்கையாளர் "ஆங்? ஆங்?" என்கிறார். போன வாரம் மின்விசிறி விஷயமாக உன் அண்ணிக்கும் எனக்கும் சண்டை. நான் தொண்டை கிழியக் கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் இருவருக்கும் ஆச்சரியம். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, "இப்பதாங்க நீங்க ஊருக்கு வந்திருக்கீங்க" என்றாள். இதெல்லாம் ஒரு சந்தோஷமா என்று கேட்காதே. இதுதான் சந்தோஷம்.

இனி உன் கதைக்கு வருகிறேன். அன்று காலையில் நாம் இருவரும் சேர்ந்துதானே கிளம்பினோம்? தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, உன் கையால் தேய்த்த சட்டைதான் எனக்கும், மாப்பிள்ளைகள் மாதிரி போனோம். பொது மன்னிப்பு கொடுக்கிற அந்த அலுவலகத்தின் வாசல் வரைக்கும் வந்தாய். காவலாளி ஒன்றும் செய்யவில்லை, தொப்பியைக் கொஞ்சம் சரிசெய்தான், அவ்வளவுதான். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். "வயித்தைக் கலக்குதுண்ணே, நீங்க வரிசையில நில்லுங்க, பின்னாடியே வந்துடறேன்" என்றாய். வரிசையில் நின்றபடி நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவன் யாரைத் தேடறீங்க என்றுகூடக் கேட்டுவிட்டான். தம்பி வருவான் என்றேன். ஏன்டா, அந்த வயிறு இன்னுமா சரியாகவில்லை?

உள்ளே என்ன நடந்தது என்று போனில் சொல்ல வந்தபோதெல்லாம் நீ கேட்கவே இல்லை. இப்போது கேள். பெரிய கூடம், குளுகுளுவென்று இருந்தது. உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். என் முறை வந்ததும் நான் இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினேன், விலங்கு போடுவார்கள் என்று. அங்கே இருந்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிடித்து ஒரு கண்ணாடிமேல் வைத்து அழுத்தினான். கண்ணை ஒரு மெஷினுக்கு நேரே வைக்கச் சொன்னான். பழைய பாஸ்போர்ட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போட்டோவில் இருந்த சுருட்டை முடியைத் தொட்டுக் காட்டி, என் வழுக்கையைக் காட்டி, எங்கே போச்சு என்பது போலக் கையை விரித்தான். ஊர் முடியெல்லாம் வெட்டிய பாவம் என்று நம் பாஷையில் சொன்னேன். புரியாமலே சிரித்தான். அவ்வளவுதான் தம்பி. நாம் பயந்து பயந்து செத்தது இதற்குத்தான்.

ஒரு தாளைக் கையில் கொடுத்து, இத்தனாம் தேதிக்குள் கிளம்பிவிடு என்றார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தேன். ஒரு பூங்காவில் போய், வெயிலில், எல்லோரும் பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். அத்தனை வருஷம் இருந்த ஊரை அன்றுதான் பார்த்தேன். நல்ல ஊர்தான், பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். போலீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், உனக்குப் பெரிய பயம் அந்த முத்திரைதான். விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டில் குத்தினார்கள், உண்மைதான். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. "முத்திரை விழுந்தா விழுந்ததுதாண்ணே, அப்புறம் திரும்பி வர முடியாது" என்று நீ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முத்திரை விழாமல் நீ போய்ப் போய் வந்துகொண்டா இருக்கிறாய்? அந்த லாண்டரி முதலாளி விசாவைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடையை மூடிக்கொண்டு போனான், அன்றிலிருந்து திரும்பி உள்ளே வர முடியாதே என்ற பயத்தில் வெளியே போகாமலே இருந்துவிட்டாய். எனக்கு அந்த ஊருக்குப் போகத் தடை. உனக்கு உன் வீட்டுக்குப் போகத் தடை. இதில் யார்மேல் விழுந்தது பெரிய முத்திரை?

பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டதே என்று அடுத்து ஆரம்பிப்பாய். நம் தூதரகத்தில் போய்ச் சொன்னால் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு வழிப் பயணத்துக்கு அவுட்பாஸ் என்று ஒரு தாள் தருவார்கள். டிரைவரே கூட்டிப்போகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அங்கேயும் வயிற்றைக் கலக்கினால் விடமாட்டார், பிடித்து உள்ளே தள்ளிவிடுவார். வெறுங்கையோடு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்பாய். ஊர் நாலு நாள் பேசும். ஐந்தாம் நாள் வேறு எவனாவது கிடைப்பான். என்னைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள், இடம் காலியாகத்தான் இருக்கிறது. எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் ஒரு தேய்ப்புக் கடைக்காரர் கை வலி என்று ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். பட்டுப்புடவையைக் கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பான் என்று கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். வந்து கண்ணைத் திறந்துகொண்டே தேய்.

நீ கொடுத்தனுப்பிய பையை உன் வீட்டில் சேர்த்துவிட்டேன் என்று மட்டும் போனில் சொன்னேன். மீதியை இப்போதுதான் சொல்கிறேன். என் தங்கச்சி, அதுதான் உன் வீட்டுக்காரி, தண்ணீர் கொடுத்தாள். சாப்பிடறாரா, தூங்கறாரா, யார்கிட்டயாவது சிரிச்சுப் பேசறாரா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றேன். பிறகு அவள், "வந்தா என்ன வேலை பார்ப்பீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். சொல்லிவிட்டேன்.

பையில் நீ உன் மகளுக்கு ஒரு கவுன் வைத்திருந்தாய். பிள்ளை அதை வாங்கிக்கொண்டு குதித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். வெளியே வந்தபோது கவுன் கழுத்தில் மாட்டியிருந்தது. தலை நுழைந்துவிட்டது, தோள் நுழையவில்லை. எந்தச் சட்டையையும் கையில் எடுத்தவுடன் இது இன்ன அளவு என்று சொல்கிறவன் நீ. தொட்டிலில் விட்டுப்போன பிள்ளையைப் போனில் முகம் மட்டும் பார்த்து வளர்த்தால் அளவு எப்படித் தெரியும்? தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. கவுனைக் கழற்றி, நீ தேய்த்து வைத்த மடிப்பிலேயே மறுபடி மடித்து வைத்தாள். "சரியா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க பெரியப்பா, அப்பா பாவம்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் கிளம்பி வாசலுக்கு வந்ததும் பின்னாலேயே வந்தாள். பெரியப்பா, எங்கப்பா எவ்வளவு உயரம் என்று கேட்டாள். போனில் எப்போதும் நீ படுத்துக்கொண்டே பேசுகிறாயாம், முகம் மட்டும்தான் தெரிகிறதாம். அம்மாவைக் கேட்டால் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறாளாம். உன் அப்பன் என் காது வரைக்கும் இருப்பான் என்று சொல்லி, காதுக்கு நேரே கையை நீட்டிக் காட்டினேன். அப்படியே வெச்சிருங்க பெரியப்பா, ஆட்டாதீங்க என்று சொல்லிவிட்டு ஓடிவந்து என் கைக்குக் கீழே நிமிர்ந்து நின்றாள். அவள் தலைக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா! அப்ப சீக்கிரமே அப்பாவைப் பிடிச்சிடுவேன்" என்று கைதட்டினாள். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான்தான் நீட்டிய கையை இறக்க மறந்து நின்றேன்.

தம்பி, பிள்ளைகள் அப்பனை அண்ணாந்து பார்க்கிற காலம் கொஞ்சம்தான். அதில் உனக்கு மிச்சம் இருப்பது ஒரு சாண். அது இருக்கும்போதே வந்து அவள் பக்கத்தில் நில். நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று அண்ணன் மனதார வாழ்த்துகிறேன்.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சீப்பு அண்ணன்